வால் முளைத்த பயறு

பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் என் மனைவி ரெஜினா கேட்ட முதல் கேள்வி, "இங்கே பன்றிக் கால் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்பது. நல்ல வேளையாக ஆங்கிலத்தில் கேட்டாள். எங்களை அழைத்துப்போக வந்திருந்த செல்வராசு கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி மாலை, நெற்றி நிறையத் திருநீறு என்று எதிரே நின்றுகொண்டிருந்தான்.

செல்வராசுவும் நானும் வாலிப வயதில் சிங்கப்பூரில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அவன் ஊர் திரும்பி மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறான். நாகர்கோவில்காரனான நான் எங்கெங்கோ சுற்றி, இப்போது அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறு ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். ரெஜினாவுக்கு அதுதான் பிறந்த ஊர். தை பிறந்ததும் செல்வராசுவின் மகளுக்குக் கல்யாணம் என்பதால் டிசம்பர் கடைசியிலேயே வந்துவிட்டோம். அதில் ஒரு சிக்கல் இருப்பது அவனைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"டேய் செல்வராசு" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, மாலை போட்ருக்கேன். சாமின்னு கூப்புடுங்க" என்றான்.

அவனுக்கு மாலை என்றால் வீட்டுக்கே மாலை. முட்டைகூட வாசற்படி தாண்டாது. பன்றிக் காலை எப்படித் தாண்ட வைப்பது?

ரெஜினாவின் ஊர்ப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஜனவரி ஒன்றாம் தேதி வீட்டுக்கு வீடு காராமணி வேகும். வெள்ளைப் பயறில் கறுப்புப் பொட்டு வைத்த, நாமும் வாங்குகிற அதே காராமணிதான். அந்தப் பொட்டை அவர்கள் கண் என்பார்கள். உப்பில் ஊறிப் புகையில் வாடிய பன்றிக் காலை எலும்போடு போட்டு, அரை நாள் சிறு தீயில் வேக வைத்து, சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் இருக்க வேண்டும். அதைச் சாப்பிட்டால்தான் வருடம் நல்லபடியாகத் தொடங்கும் என்பது நம்பிக்கை. கறுப்பர், வெள்ளையர் எல்லோருக்கும் உண்டு.

என் மாமியார் லூசில் வைக்கும் பானை அந்தத் தெருவுக்கே பேர் போனது. இலையுதிர் காலத்தில் அவர் இறந்துபோனார். அதன் பிறகு என் மாமனார் எர்ல் சரியாகச் சாப்பிடுவதில்லை. டப்பா சூப்பில் பாதியை, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுகிறார். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் இந்த வீட்டில் பயறு வேண்டாம்."

ரெஜினா அதைக் கேட்டு ஆடிப்போய்விட்டாள். "பயறு வேண்டாம் என்றால் வருஷமே வேண்டாம் என்று அர்த்தம்" என்றாள். விமானத்திலும் அதையேதான் சொன்னாள். இங்கே தானே சமைத்து, புத்தாண்டு அன்று போனில் அப்பாவுக்குக் காட்டப் போகிறாள். பார்த்தால் அவருக்குச் சாப்பிடத் தோன்றும். இதுதான் திட்டம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் கல்யாணமான இத்தனை வருடத்தில் எதை வெளியே சொல்லக்கூடாது என்பதைக் கற்றிருக்கிறேன்.

செல்வராசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான். குருசாமிக்குப் போன் போட்டு ஏதோ பேசினான். பிறகு வந்து, "வூட்டுலதாண்ணே ஆகாது. காட்டுல கொட்டாய் இருக்கு. அங்க வச்சு ஆக்கிக்குங்க. நான் கிட்ட வரமாட்டேன், அவ்வளவுதான்" என்றான்.

இந்தப் பக்கம் மழையை நம்பி விதைக்கும் நிலத்துக்குக் காடு என்று பெயர். நான் அப்படியே மொழிபெயர்க்க, ரெஜினா உண்மையான காடு என்று நினைத்து, பாம்பு இருக்குமா என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றேன். சரி என்றாள்.

மறுநாள் பயறு வேட்டை. பெரம்பலூர்க் கடைவீதியில் ஏறி இறங்கியதில் எல்லாக் கடையிலும் செம்பழுப்புத் தட்டைப்பயறுதான் இருந்தது. ரெஜினா ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "கண் எங்கே?" என்றாள்.

கடைக்காரருக்குச் சொன்னேன். "எல்லாம் ஒரே சாதிப் பயறுதாங்க. கொழம்புல போட்டப்பறம் கண்ணா தெரியப் போவுது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எர்லுக்குக் கண் தெரிய வேண்டும். அரியலூரில் கிடைக்கலாம் என்று அவரே வழியும் சொன்னார்.

அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். பேருந்து ஓட்டுபவன் பயணியாக உட்கார்ந்தால் வலது கால் சும்மா இருக்காது. எதிரே வரிசையாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள். நம் டிரைவர் அவற்றுக்கு நடுவே நூல் கோப்பது போலப் போனார். ஜார்ஜியாவில் இப்படி ஒரு முறை ஓட்டினால் என் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். நான் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வலிக்க இறங்கினேன். ரெஜினா நன்றாகத் தூங்கியிருந்தாள்.

அரியலூரில் ஒரு மளிகைக் கடையில் மூட்டையின் அடியில் கொஞ்சம் வெள்ளைக் காராமணி இருந்தது. "பொங்கலுக்குத்தான் புதுச் சரக்கு வரும். இருக்கறத வழிச்சுத் தரேன்" என்று கடைக்காரர் சாக்கைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு கிலோ தேறவில்லை. ரெஜினா அந்தப் பையை நகை வாங்கியவள் மாதிரி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

பன்றிக்கறிக் கடை ஊருக்கு வெளியே ஒரு ஒதுக்குப்புறத்தில் இருந்தது. பலகை எதுவும் கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் போனோம். வெட்டுக்கட்டைக்குப் பின்னால் ஸ்டெல்லா என்ற பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் பன்றிகளை வளர்க்கிறார், இவர் கடையைப் பார்க்கிறார். எலும்போடு பின்னங்கால் வேண்டும் என்றதும் முதலில் ஒரு கறுப்புக் கவரை எடுத்து உதறினார்.

"கவர் வேணாங்க, பை இருக்கு" என்றேன்.

"அப்ப நீங்க வெளியூருதான். எங்க சனம் கவர் கேக்காது. டவுன் ஆளுங்க கவருக்குள்ள இன்னொரு கவர் கேப்பாங்க. இப்ப மாலை சீசன், யாவாரம் படுத்துடுச்சு. மாலையக் கழட்டுனதும் பாருங்க, கவர் பத்தாது."

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ரெஜினாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவங்க ஊர்ல இத யாரு திம்பாங்க?" என்றார்.

"எல்லாரும்."

"எல்லாருமா? பாஸ்டருமா?"

"அவருதான் மொதல்ல."

சிரித்தார். பிறகு கத்தியை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேல இருக்கறவங்க, கீழ இருக்கறவங்க எல்லாம் ஒரே மாதிரி திம்பாங்களா?"

"மேல கீழ அங்கயும் உண்டுங்க. சண்டையும் உண்டு. ஆனா இந்தக் கறியச் சொல்லி யாரும் யாரையும் ஏசறதில்ல."

ஸ்டெல்லா கத்தியைக் கட்டை மேல் வைத்தார். "அது ஒண்ணாச்சும் இல்லாம இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காலை முழுசாக எடுத்து வைத்தார். மஜ்ஜை உள்ள எலும்பு ஒன்றையும் சும்மா சேர்த்துப் போட்டார். ரெஜினா விவரம் கேட்டாள். பஸ்ஸில் சொல்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில் டயர் பஞ்சர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சாலையோரப் புளியமரத்தடியில் மாலை போட்ட சாமிகள் ஒருபுறம் நின்றார்கள். மடியில் பன்றிக் காலோடு நான் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தேன். வெயிலில் கறி என்னாகுமோ என்ற கவலை வேறு. கடைசியில் சரக்கு இறக்கிவிட்டு வந்த லாரி ஒன்று நின்றது. ரெஜினாவைப் பார்த்துத்தான் நின்றது என்பது தெளிவு.

"பையில என்னாங்க?" என்றார் லாரிக்காரர்.

"கறி."

"என்ன கறி?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். "பன்னிக்கறி" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடி சிறிது தூரம் ஓட்டினார். "எங்க கொல்லைல இதுக்குன்னே ஒரு சட்டி கெடக்குங்க. எங்கம்மா கண்ணுல படாம நானும் எம்மச்சானும் ஆக்குவோம்" என்றார். பெரம்பலூர் வரும்வரை மசாலா பக்குவம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நம் ஊரில் புகை போட்ட பன்றிக் கால் கிடைக்காது என்பது ரெஜினாவுக்குத் தெரியும். தானே புகை போடத் தயாராக வந்திருந்தாள். காட்டுக் கொட்டாயில் கறியைக் கழுவி, உப்பும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து அழுத்தித் தேய்த்தாள். சர்க்கரை எறையூர்ப் பக்கத்துக் கரும்பு. மீன் கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கி, அதற்குள் காலை வைத்து மூடினோம். காலையும் மாலையும் ஐஸ் மாற்றுவது என் வேலை. செல்வராசுவின் ஸ்கூட்டரில் ஐஸ் கொண்டுபோகும்போது தெருவில் எல்லோரும் மீனா என்று கேட்டார்கள். மாலை போட்ட வீட்டு விருந்தாளி மீன் வாங்குகிறான் என்று பெயர் கெட்டது. உண்மை தெரிந்திருந்தால் இன்னும் கெட்டிருக்கும்.

ஆண்டின் கடைசி நாளில் புகை போட்டோம். ரெஜினாவின் ஊரில் அதற்கென்று தனி மரம் உண்டு. இங்கே என்ன செய்வது என்று பார்த்தபோது, கொட்டாயின் பின்னால் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவள் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அவள் அம்மாவின் தம்பி சோளக் கட்டையில்தான் புகை போடுவாராம். "உன் நண்பரிடம் சொல், அவர் பணக்காரர்" என்றாள்.

செல்வராசு வயலின் மறுகோடியில், காற்று புகையைக் கொண்டுவராத பக்கமாகப் பார்த்து நின்றிருந்தான். கத்திச் சொன்னேன். "அது அடுப்பெரிக்கறதுண்ணே! சோளமே கோழித் தீவனத்துக்குத்தான் போவுது!" என்று பதிலுக்குக் கத்தினான். அந்தச் சோள மாவில் அங்கே ரொட்டி சுட்டுத் தின்போம் என்று சொன்னதை அவன் நம்பவே இல்லை. தகர டிரம்மில் துளை போட்டு, கம்பியில் காலைக் கட்டித் தொங்கவிட்டு, சாயங்காலம் வரை கண்ணீர் வழியப் புகை போட்டோம். தோல் தேன் நிறத்துக்கு வந்தது.

வீடு திரும்பிக் குளித்துவிட்டு வந்த ரெஜினா, பயறை ஊறப் போட வேண்டும், பை எங்கே என்று கேட்டாள். செல்வராசுவின் மனைவி மலர்க்கொடிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அதெல்லாம் நேத்தே ஊறப் போட்டாச்சுன்னு சொல்லுங்கண்ணே. அண்ணி கவலையே பட வேணாம். நாளைக்கு நானே கொண்டாந்து கையில குடுக்கறேன்."

நானும் அப்படியே சொன்னேன். ஒரு நாள் முன்னதாகவா என்று ரெஜினா புருவத்தைத் தூக்கினாள். ஆனாலும் மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்தவள் எதுவும் கேட்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு நாளாக அந்தப் பெண் தன் சமையலறையில் எங்களுக்கு உதவ முடியவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தாள். நானும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

புத்தாண்டு காலையில் தெரு முழுக்கக் கோலம். எல்லா வாசலிலும் கலர்ப் பொடியில் ஹாப்பி நியூ இயர். நாங்கள் கொட்டாய்க்குப் போய், கல் கூட்டி, கறியை முதலில் தண்ணீரில் போட்டு வேகவிட்டோம். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலை, இரண்டு காய்ந்த மிளகாய். மதியம் மலர்க்கொடி ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். அதிலிருந்து ஈரத் துணி மூட்டையை எடுத்து, ரெஜினாவின் மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

ஒவ்வொரு பயறிலும் விரல் நகம் நீளத்துக்கு வெள்ளை முளை.

"எப்புடி மொளச்சிருக்கு பாருங்க! ஒண்ணுகூடச் சொத்த இல்ல!" என்றாள் மலர்க்கொடி.

நம் வீடுகளில் பயறை ஊறப் போட்டால் யாரும் அதோடு விடமாட்டார்கள். விருந்தாளிக்கு என்றால் தண்ணீரை வடித்து, துணியில் கட்டி, முளைகட்டித்தான் கொடுப்பார்கள். மலர்க்கொடி ஒரு படி கூடுதலாக மரியாதை செய்திருந்தாள். ரெஜினாவோ மூட்டைக்குள் பல்லி கிடந்தது போல உட்கார்ந்திருந்தாள். அவள் ஊரில் யாரும் முளைத்த பயறைப் பானையில் போடமாட்டார்கள். கறுப்புக் கண் பாதி தோலோடு கழன்று போயிருந்தது.

"இதையா அப்பாவுக்குக் காட்டுவது?" என்றாள். கண் கலங்கிவிட்டது. பயறுக்காக அழவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா போன பிறகு அவள் வைக்கும் முதல் பானை இது.

மலர்க்கொடிக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. "நான் என்னண்ணே தப்புப் பண்ணிட்டேன்?" என்றாள். முளை வந்தது அவர்களுக்குப் பழக்கமில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அரியலூர் போய்த் தேடி வருகிறேன் என்று நான் எழுந்தேன். கடைக்காரர் மூட்டையைக் கவிழ்த்துத் தட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

சிறிது நேரம் கழித்து ரெஜினா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு பயறை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "செத்தா போயிருக்கிறது? உயிரோடுதானே இருக்கிறது" என்று சொல்லி மூட்டையைப் பானையில் கவிழ்த்தாள். கடைசி இரண்டு கைப்பிடியை மட்டும் மலர்க்கொடி தடுத்து எடுத்துக்கொண்டாள். "சாமிக்கு" என்று தூரத்து வரப்பில் நின்ற செல்வராசுவைக் காட்டினாள். தள்ளி மூன்று கல் வைத்து, கறிச்சட்டியின் கரண்டி படாமல், கத்திரிக்காய் போட்டுத் தனியாக ஒரு குழம்பு கூட்டினாள்.

முளைத்த பயறு சீக்கிரம் வெந்துவிட்டது. சோளக் கட்டைப் புகை குழம்பில் இறங்கியிருந்தது. ருசியில் லேசான இனிப்பு. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ரெஜினா வாயில் வைக்கவில்லை. அப்பாவிடம் பேசிவிட்டுத்தான் என்றாள்.

இங்கே பொழுது சாயும்போது அங்கே விடியும். மைத்துனி ஜானிஸ் போனைப் பிடித்திருந்தாள். பின்னால் மாமனார் பனியனோடு, கழுவும் தொட்டியின் பக்கத்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"புத்தாண்டு வாழ்த்து, அப்பா. பயறு வைத்திருக்கிறேன்."

"வேண்டாம் என்று சொன்னேனே" என்றார் அவர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரெஜினா போனைப் பானைக்கு மேலே பிடித்தாள். நான் கரண்டியில் அள்ளிக் காட்டினேன். ஆவி அடங்கியதும் திரையில் அவர் முகம் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"அதில் தொங்குவது என்ன?"

ரெஜினா தயங்கினாள். "முளை, அப்பா."

அவர் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"என் பயறுக்கு யார் வால் வைத்தது?" என்றார்.

மொழிபெயர்த்தேன். மலர்க்கொடி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திரைக்கு முன்னால் வந்து நின்று, "நான்தாங்க" என்றாள்.

முதலில் இருமல் போலத்தான் இருந்தது. பிறகு ஜானிஸின் கையில் போன் ஆடத் தொடங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாமியார் போன பிறகு அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கவில்லை. ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கே தூரத்தில் கறுப்பு உடையில் நிற்பவர் யார்? போதகரா? ஏன் தள்ளி நிற்கிறார்?"

வரப்பில் நின்ற செல்வராசு தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்து கையைத் தூக்கி ஆட்டினான். விரதம், கறி தொடக்கூடாது, மலை ஏறப் போகிறார் என்று சொன்னேன். மாமனார் சர்ச்சில் போதகருக்கு உதவும் டீக்கனாக இருந்தவர் அல்லவா, விரதம் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்படியானால் அவருக்குப் பயறு?"

மலர்க்கொடி தன் சட்டியைத் தூக்கிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். "லூசில் இருந்திருந்தால் அந்த அம்மாளிடம் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பாள்" என்றார். லூசிலின் பெயரை அவர் வாயால் கேட்டும் பல வாரங்கள் ஆகியிருந்தன.

பிறகு எங்களிடமிருந்து திரும்பி, "ஜானிஸ், உன் அம்மா பயறு வைக்கும் டப்பா எங்கே? இறக்கு. இப்போது ஊறப் போட்டால் சாயங்காலத்துக்கு ஆகும். ரொம்ப ஊற விட்டுவிடாதே, வால் வந்துவிடும்" என்றார்.

ஜானிஸ் போனை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். திரையில் அந்த வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. அலமாரி திறக்கும் சத்தம், ஒரு மூடி திருகும் சத்தம், பிறகு பாத்திரத்தில் கடகடவென்று ஏதோ விழும் சத்தம். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் மலர்க்கொடி ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயறு கொட்டறாங்க, அண்ணி" என்றாள்.

ரெஜினா தலையை ஆட்டினாள். அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.